நிலநடுக்கமும் வினைப்பயனும்

நிலம் பொறைக்கு உவமையாகச் சான்றோரால் எடுத்தோதப்படுவது. அந்நிலமும் அசைவற்றதன்று என்பது நிலநூலார் துணிபு. அதன் மேலோடு பல பெருந்தட்டுக்களாய்ப் பிளவுண்டு மிக மெல்ல நகர்கின்றது. வடக்கு நோக்கிப் போந்த இந்தியத் தட்டு, ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகட்கு முன்னர் ஆசியத் தட்டொடு முட்டிற்று. இடைநின்ற டெதிஸ் என்னுங் கடல் மறைய, அதன் அடிப்படிவுகள் மடிந்துயர்ந்து இமயத்திற் கலந்தன. கண்டகி யாற்றிற் பெறப்படும் சாளக்கிராமம் பண்டைக் கடலுயிரின் கற்படிவமாதல் இதற்குச் சான்றாம்.

அம்மோதல் இன்றும் ஒழிந்திலது. இமயத்தினடியில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2 செண்டிமீட்டர் நெருக்கம் நிகழ்கின்றது. பிணிப்புண்ட பாறைகளில் நெடுங்காலந் திரண்ட அவ்வழுத்தம் ஒருகணத்தில் விடுபடுங்கால் நிலம் நடுங்கும். 1934 சனவரி 15-ல் பீகாரிலும் நேபாளத்திலும் 10,000-க்கு மேற்பட்டோர் மாண்டது அவ்வாறே.

அஞ்ஞான்று தீண்டாமை யொழிப்பின்பொருட்டுத் தமிழகத்திற் சுற்றுப்பயணஞ் செய்த காந்தியடிகள், அந்நடுக்கம் தீண்டாமைப் பாவத்திற்கு இறைவன் விதித்த தண்டம் என்றனர். கவியரசர் தாகூர், இயற்கை நிகழ்ச்சியொடு அறநெறியைப் பிணைத்தல் பொருந்தாதென மறுத்தனர். அம்மறுப்பை அடிகள் தம் 'அரிசன்' இதழிலேயே வெளியிட்டனர். இவ்விரண்டனுள் எது கொள்ளற்பாலது?

தீண்டாமை பெரும்பாவமென்பதில் ஐயமில்லை. ஆயினும் அப்பாவம் தென்னாட்டிலும் இருந்தது. நிலமோ வடக்கே நடுங்கிற்று. தீண்டாமை செய்தாரோடு அதனால் நலிந்தாரும் ஒருங்கே துன்புற்றனர். ஆதலின் அத்தண்டம் யாருக்கென வினவின் விடையில்லை.

அற்றேல், வினையின்றித் துன்பம் வருமோ எனின், வாராது. ஆனால் எவ்வுயிருக்கு எவ்வினையின் பயன் எப்போது கூடுமென அறிந்து கூட்டுவான் இறைவன் ஒருவனே. சிற்றறிவினனாகிய மனிதன் பிறர் துன்பங் கண்டு, 'இஃது இவ்வினையின் பயன்' என்று துணிந்துரைத்தல், இறைவன் இருக்கையில் தான் அமர்தலை ஒக்கும். வினைக்கொள்கை ஒருவன் தன்னைத் தானே ஆராய்ந்து திருந்துதற்கு உரியது. இடிபாட்டினுட் கிடப்பாரைக் குற்றஞ்சாட்டுதற்கு உரியதன்று.

மேலும், இமயத்தை எழுப்பிக் கங்கை முதலிய யாறுகளுக்குத் தாயகமாக்கியதும் அம்மோதலே. 2015 ஏப்பிரல் 25-ல் நேபாளத்தில் ஏறத்தாழ 9,000 உயிர்களை மாய்த்ததும் அதுவே. தட்டின் நகர்வுக்கு மனிதன் பொறுப்பாளி அல்லன். உறுதியற்ற சுவரெழுப்பி அதனடியில் மக்களைக் குடியிருத்தியதற்கோ பொறுப்பாளியே.

காந்தியடிகள் 1934 மார்ச்சில் பீகார் சென்று துயருற்றார்க்கு உதவினர். அவர்தஞ் சொல்லில் வேறுபடுவாரும் அச்செயலில் வேறுபடார். துன்பத்தின் காரணத்தை இறைவன் அறிவான். துன்புற்றார்க்குக் கைகொடுத்தலே மனிதர்க்கு உரிய கடன் என்க.