நடுவில் யாரும் வேண்டாம்

சோளகக் காற்று எழும்பிவிட்டால் மன்னார்ப் பேசாலையில் ஹெட்போன் போட்டுக்கொண்டு இருப்பது வீண் வேலை. கூரைத் தகரமும் பனையோலையும் பாட்டுக்கு மேலே பாடும். வாடை ஓய்ந்து சோளகம் வருவதற்கு முன்னுள்ள வாரங்கள்தான் கேட்பதற்கு வாய்த்தவை. தவக்காலமும் அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

*

போனில் செருகி, எண்களாக வரும் ஒலியைக் காதுக்கு மாற்றித் தரும் விரலளவு டாக் ஒன்றைக் கட்டாரில் இருந்து மருமகன் கொண்டுவந்து தந்தான். "செருகினாலே போதும் மாமா" என்றான். போதவில்லை.

அதில் கடுகளவு விளக்கொன்று இருக்கிறது. உள்ளே வரும் ஒலி 48 கிலோஹேர்ட்ஸ் வரை என்றால் நீலம், அதற்கு மேல் என்றால் மஞ்சள், டிஎஸ்டி என்றால் பச்சை. 96இல் பதிந்த கோப்பைப் போட்டேன். விளக்கு நீலத்திலேயே நின்றது. குறை டாக்கில் இல்லை, போனில். அன்ட்ரொயிட் தன்னிடம் வரும் எல்லாச் சத்தத்தையும், வட்ஸ்அப் மணியையும் சேர்த்துத்தான், ஒன்றாகக் கலந்து பெரும்பாலும் 48க்கு மாற்றியே வெளியே விடுகிறது. அந்தக் கலவைக்குள் போகாமல் யூஎஸ்பியை நேரே தன் பிடிக்குள் எடுக்கும் பிளேயர் ஒன்று வேண்டியிருந்தது. விண்டோஸ் லப்டொப்பில் இதே காரியத்துக்கு வசாபி எக்ஸ்க்ளூசிவ் என்ற தெரிவு உண்டு. பிறகு ஈக்குவலைசரை அணைத்தேன். பேஸ் கூட்டுவதை அணைத்தேன். பிளேயரின் வொலியூமை 100இல் விட்டுவிட்டு, கூட்டிக் குறைப்பதை டாக்கின் பொத்தானிடம் ஒப்படைத்தேன்.

மஞ்சள் வந்தது. அமைப்பது என்று பெயர், செய்ததெல்லாம் ஒவ்வொன்றாக விலக்கியதுதான்.

*

பச்சைக்கு இன்னும் கண்டிப்பு அதிகம். சோனியும் பிலிப்ஸும் 1999இல் கொண்டுவந்த எஸ்ஏசிடி தட்டின் ஒலி டிஎஸ்டி: ஒரே ஒரு பிட், ஆனால் செக்கனுக்கு 28,22,400 தடவை. கணினிகளுக்குப் பழக்கமோ வேறு வகை எண்கள். ஆகவே டிஎஸ்டியை வேடம் மாற்றி அனுப்புகிறார்கள். 24 பிட் கொண்ட ஒவ்வொரு பொதியிலும் முதல் எட்டு பிட் ஒரு குறி, மீதி பதினாறில் பாட்டு. குறி 05, எஃப்ஏ என்று மாறி மாறி வரும். டாக் அதைக் கண்டால்தான் பச்சையாகும். வழியில் யாராவது வொலியூமை ஒரு புள்ளி இறக்கினாலும் குறி அழிந்துவிடும். அப்போது பாட்டுக்குப் பதிலாக மெல்லிய இரைச்சல் கேட்கும்.

இதற்கு முந்திய எச்டிசிடியும் இப்படித்தான். கலிபோர்னியாவின் பசிபிக் மைக்ரோசோனிக்ஸ் 1990களில் செய்தது. சாதாரண சிடியின் பதினாறாவது பிட்டுக்குள் மெல்ல ஒளித்த கட்டளைகள். தெரிந்த கருவி வாசிக்கும். தெரியாத கருவிக்கு அது வெறும் சிடி.

*

ஒளித்து வைத்தவற்றின் முடிவையும் குறித்துவைக்கிறேன்.

எச்டிசிடியை 2000இல் மைக்ரோசொப்ட் வாங்கியது. பிறகு அதைத் தேடுபவர்கள் பழைய தட்டுச் சேகரிப்போர் மட்டுமே. 2014இல் வந்த எம்க்யூஏ வடிவம், உயர் அதிர்வெண்களை மடித்து இரைச்சல் மட்டத்துக்குக் கீழே சொருகி, விரிப்பதற்கு உரிமம் பெற்ற கருவி கேட்டது. 2023 ஏப்ரலில் அதன் கம்பனி திவால் நிர்வாகியின் கைக்குப் போனது. அதைப் பயன்படுத்திவந்த டைடல் இசைச்சேவை 2024 ஜூலையில் கைவிட்டு ஃபிளாக்குக்கு மாறியது. ஃபிளாக் 2001 முதல் திறந்த வடிவம், உரிமம் எதுவும் கேட்காது. 2024 டிசம்பரில் இணைய நியமமாகவும் வெளியாயிற்று.

பாட்டைப் பூட்டிச் சாவியைக் கம்பனியிடம் கொடுப்பதில் எனக்கு ஒருநாளும் சம்மதம் இல்லை.

*

பச்சை விளக்கில் நான் அடிக்கடி கேட்பது 'எ மீட்டிங் பை த ரிவர்'. ரை கூடரின் கிட்டார், விஸ்வமோகன் பட்டின் மோகனவீணை. 1992இல் சாந்தா பார்பராவில் ஒரு சிற்றாலயத்தில் பதிந்தார்கள். 1994இல் கிராமி கிடைத்தது. பதிவு செய்த வாட்டர் லிலி அக்கூஸ்டிக்ஸின் கவிச்சந்திரன் அலெக்சாண்டர் இலங்கையில் பிறந்தவர். இந்தத் தீவில் அவர் பெயர் தெரிந்தவர்கள் எத்தனை பேரோ.

அவர் முறை புளூம்லைன் முறை. எட்டு வடிவில் கேட்கும் இரண்டு மைக்குகளைச் செங்கோணத்தில் குறுக்கே வைப்பது. 1931இல் ஆங்கிலேயர் அலன் புளூம்லைன் காப்புரிமை கேட்டு எழுதியது. வால்வு வைத்த ரேப் கருவி. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனி மைக் வைத்துப் பிறகு கலக்குவது கிடையாது. உருக்குக் கட்டை தந்தியில் வழுக்கும்போது ஒரு சுரண்டல் கேட்கிறது. மீட்டிய தந்தி ஓய்ந்த பிறகும் ஆலயச் சுவரில் ஒலி கொஞ்சம் தங்குகிறது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே இசைத்தொகுப்பைச் சாதாரண சிடி தரத்தில் நீல விளக்கில் போட்டுக் கேட்டாலும் அந்தச் சுவர் அப்படியே இருக்கிறது. மனிதக் காது 20 கிலோஹேர்ட்ஸோடு நின்றுவிடும். என் வயதில் அதுவும் இல்லை. நல்ல பதிவுதான் பாட்டை நல்லதாக்கியது. விளக்கின் நிறம் யாரும் நடுவில் கை வைக்கவில்லை என்பதற்குச் சாட்சி, அவ்வளவுதான்.

*

இருபதுகூடத் தேவைப்படாத காலமும் இருந்தது. மத்திய அலையில் நிலையங்களுக்கிடையே 9 கிலோஹேர்ட்ஸ் இடைவெளி. வீட்டு ரேடியோவில் ஐந்துக்கு மேல் ஒன்றும் தேறாது. அந்த ஐந்துக்குள்தான் இலங்கை வானொலி அறிவிப்பாளர் கே. எஸ். ராஜாவின் குரல் கடல் தாண்டி ராமேஸ்வரம் வரை போனது. யாரும் குறை சொல்லவில்லை.

*

உயர்தரம் உண்மையில் உதவுவது கேட்பவரைவிடப் பதிபவருக்கு. தவக்காலத்தில் இங்கே வியாகுலப் பிரசங்கமும் ஒப்பாரியும் சொல்கிறார்கள். கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமியின் பெயரில் வழங்கும் பிரசங்கம் அது. முணுமுணுப்பாகத் தொடங்கும் குரல் சிலுவையடியில் சட்டென்று வானத்துக்கு ஏறும். 16 பிட்டில், முணுமுணுப்புக்கு மைக்கைக் கூட்டி வைத்தால் அழுகை உடையும். அழுகைக்குக் குறைத்து வைத்தால் முணுமுணுப்பு இரைச்சலுக்குள் போகும். 24 பிட்டில் உச்சக் குரலுக்கு 20 டெசிபல் இடம் விட்டு நிம்மதியாகப் பதியலாம். தீவின் தென்கரையில் தம்பபவனியின் 30 காற்றாலைகளைச் சுழற்றும் காற்று இங்கேயும் வீசுவதால் மைக்குக்குப் பஞ்சுத் தொப்பி போடாமல் வெளியே எடுக்க வேண்டாம்.

போர்க்கால இடப்பெயர்வுகளில் எத்தனை வீட்டுக் கசெட்டுகள் போயின என்று யாரும் எண்ணி வைக்கவில்லை. பிரசங்கம் சொல்லத் தெரிந்த ஒரு பெரியவர் உங்கள் தெருவில் இருந்தால், வருகிற தவக்காலத்திலேயே போய் அனுமதி கேட்டுப் பதியுங்கள். 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் தாராளம். 96இல் ஸ்டீரியோவாக எடுத்தாலும் சுருக்காமல் மணிக்கு 2 ஜிபியளவுதான். ஃபிளாக்காக்கினால் அதிலும் குறையும். ஒரு பிரதியை வீட்டிலும், ஒன்றைக் கோயிலிலும், ஒன்றை வெளிநாட்டுப் பிள்ளைகளிடமும் கொடுத்து வையுங்கள்.