பயனற்ற வாய்கள்!

பிரான்சு நாட்டின் வடபால், நார்மண்டிப் பகுதியில், சீன் ஆறு வளைந்து திரும்புமிடத்தில், வெண்சுண்ணப் பாறைக் குன்றொன்று ஓங்கி நிற்கிறது. அதன் உச்சியிலே இடிந்த கோட்டை ஒன்று. ஷாத்தோ கயார் என்பது அதன் பெயர். அடிவாரத்து ஊரின் பெயர் லெசாந்தலி. காண வருவோர் குன்றேறுகின்றனர். மூச்சு வாங்க நின்று ஆற்றின் எழிலை நோக்கி மகிழ்கின்றனர். அலையலையாக வளைந்து செல்லும் உட்கோட்டைச் சுவரைத் தடவிப் பார்த்து, எப்படித்தான் கட்டினரோ என வியந்து இறங்குகின்றனர். ஓவியன் டர்னரும் அந்த இடிபாட்டை வண்ணத்தில் தீட்டினான். இடிந்த கோட்டைக்கு எப்போதுமே ஒரு கவர்ச்சி உண்டு. கொடுமைகள் உதிர்ந்துபோய்க் கல் மட்டும் எஞ்சி நிற்பதால் வரும் கவர்ச்சி அது!

வியப்பது தவறன்று. இங்கிலாந்தின் மன்னனும் நார்மண்டியின் கோமகனுமான ரிச்சர்டு, ‘சிங்க நெஞ்சன்’ என்று பாடப்புத்தகங்கள் போற்றுகின்றனவே அந்த ரிச்சர்டு, 1196-இல் தொடங்கி 1198-க்குள் பெரும்பகுதியைக் கட்டி முடித்தான். செலவு ஏறத்தாழ 12,000 பவுன் என மதிப்பிடுகின்றனர். தன் ஆட்சிக்காலம் முழுவதிலும் இங்கிலாந்துக் கோட்டைகள் அனைத்துக்குமாக அவன் செலவிட்டது 7,000 பவுன் அளவே! அவன் கொட்டிய பொன் எல்லாம் குடிகளின் வரிப்பணம். அடுக்கிய கல் எல்லாம் குடிகளின் தோள்வலி.

நிலமோ ரூவான் நகரத்துப் பேராயருக்கு உரியது. கேளாமல் கட்டத் துவங்கினான் மன்னன். சினந்தெழுந்த பேராயர் நார்மண்டி முழுவதற்கும் வழிபாட்டுத் தடை விதித்தார். அடக்கம் செய்யப்படாத பிணங்கள் தெருக்களில் கிடந்தன என்று அக்கால ஏடு குறிக்கிறது. வழக்கு மன்னனுக்கும் பேராயருக்கும். தெருவில் கிடந்ததோ யாருடைய தந்தையோ, யாருடைய குழந்தையோ! பிறகு தியெப் துறைமுகமும் வேறு சில உடைமைகளும் பேராயருக்குக் கைமாறின. தடை நீங்கியது. ஆண்டவனின் சீற்றம் ஒரு துறைமுகத்தோடு தணிந்துவிட்டது!

இதைக் கூட மறந்துவிடலாம். அதன்பின் நடந்தது ஒன்று உண்டு. அந்தக் குன்றிலே நிற்பவர் எவரும் மறந்துவிட்டு இறங்கக் கூடாதது.

1199-இல் ரிச்சர்டு மாண்டான். தம்பி ஜான் முடிசூடினான். 1203-இல், கோடை கழியும் வேளையில், பிரெஞ்சு மன்னன் இரண்டாம் பிலிப் படை திரட்டி வந்து குன்றை வளைத்தான். உள்ளே தளபதி ரோஜர் டி லேசி. கோட்டையைச் சார்ந்து ரிச்சர்டே உருவாக்கிய சிற்றூர் மக்கள், பகைவர் ஊருக்குள் புகுந்ததும், கோட்டைக்குள் ஓடி அடைக்கலம் புகுந்தனர். ஆயிரத்து நானூறு பேர் என்பாரும் உளர். இரண்டாயிரத்துக்கும் மேல் என்பாரும் உளர். கிழவர், பெண்டிர், பிள்ளைகள்!

முற்றுகை நீண்டது. களஞ்சியத்தைக் கணக்கிட்டான் ரோஜர். வாள் பிடிக்காதவன் தின்னும் ஒவ்வொரு கவளமும் கோட்டையின் ஆயுளில் ஒரு நாழிகையைக் குறைக்கிறது என்று கண்டான். ஐந்நூறு பேரை வெளியேற்றினான். பிரெஞ்சுப் படையினர் இரங்கி வழிவிட்டனர். பின்னும் ஓர் ஐந்நூறு, அவர்களும் தப்பினர். செய்தி பிலிப்பின் செவிக்கு எட்டியது. இனி எவரையும் விடக்கூடாது, உள்ளிருந்து தின்று தீர்க்கட்டும் என்றான். அடுத்த கூட்டம் வெளியே வந்தபோது எதிரிலே அம்பு பாய்ந்தது, அலறித் திரும்பினர், பின்னாலே கதவு மூடிக் கிடந்தது. தட்டினர். திறக்கவில்லை!

இரு படைகளுக்கும் இடையிலான அந்தச் சரிவிலே, நார்மண்டியின் குளிர்காலத்திலே, வாரக்கணக்கில் கிடந்தனர் நூற்றுக்கணக்கான மக்கள். புல்லைத் தின்றனர். கோட்டையிலிருந்து துரத்தப்பட்ட நாய்களைத் தின்றனர். அதற்கு மேலும் ஏடு கூறுகிறது. எழுதக் கை கூசுகிறது. அவர்களைக் காக்க வேண்டிய மன்னன் ஜானோ, 1203 டிசம்பரில் கடல் கடந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்தான்.

வகுப்பில் இந்த வரலாற்றைச் சொன்னால், யார் வென்றார்கள் என்பதே பிள்ளைகளின் முதற்கேள்வி. நாமல்லவா அப்படிக் கேட்கப் பழக்கியிருக்கிறோம்! கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தச் சாவுகளுக்குப் பொறுப்பாளி யார்?

ரோஜரைக் கேட்டால், வழிமறித்தவன் பிலிப் என்பான். பிலிப்பைக் கேட்டால், கதவடைத்தவன் ரோஜர் என்பான். இருவரிடமும் நியாயம் இருக்கிறது. கோட்டையைக் காப்பது ஒருவன் கடமை. கொள்வது மற்றவன் கடமை. இரண்டு கடமைகள் எதிரெதிரே நின்றன. நடுவிலே பிணங்கள் வீழ்ந்தன!

துரத்தியும் கோட்டை நிலைக்கவில்லையே, ஆகவே துரத்தியது தவறு எனச் சிலர் வாதிடலாம். 1204 மார்ச் 6-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது உண்மை. சுவருக்கடியிலே சுரங்கம் தோண்டியும், காவலற்ற திறப்பொன்றின் வழியே ஏறிப் புகுந்தும் பிடித்தனர். ஆனால் இந்த வாதத்தை நான் ஏற்கமாட்டேன். பலிக்கவில்லை, ஆகவே பிழை என்பது வணிகனின் பேரேடு. பலித்திருந்தால் சரி என்றல்லவா ஆகிவிடும்?

எல்லோரையும் உள்ளே வைத்திருந்தால் எல்லோருமே பட்டினியால் மாண்டிருப்பரே, சிலரை இழந்து பலரைக் காப்பது அறமன்றோ என்பது இன்னொரு வாதம். இதுவே வலிமையானது, இதை எதிர்கொள்ளாமல் ரோஜரைத் தூற்றுவது எளிய வேலை. ஆனால் தராசைச் சற்று உற்று நோக்குங்கள். ஒரு தட்டில் ஊர் மக்களின் உயிர் இருக்கிறது. மறு தட்டில் இருப்பது வீரர்களின் உயிரா? அன்று! சரணடையும் வழக்கம் அந்தக் காலத்துப் போர்முறையில் இருந்தது. இறுதியில் ஏறத்தாழ நூற்றைம்பது வீரர்கள் சிறைப்பட்டனர், உயிரோடுதான் சிறைப்பட்டனர். ஆகவே மறு தட்டில் இருந்தது கோட்டை மட்டுமே. ஒரு மன்னனின் எல்லைக்கோடு, ஒரு தளபதியின் பெயர். பிலிப்பின் தராசிலோ அதுவும் இல்லை. வழிவிட்டிருந்தால் அவனுக்கு இழப்பு, முற்றுகையில் இன்னும் சில வாரம்!

உயிருக்கு உயிர் என்று எடை போடுவதாகத் தங்களுக்கே சொல்லிக்கொள்கிறார்கள். எடைக்கல்லாக வைப்பது வேறு எதையோ. இந்த ஏமாற்றுக்கு உதவி செய்வது ஒரு சொல். முற்றுகையில் போரிடாத மக்களைப் ‘பயனற்ற வாய்கள்’ என்று அழைப்பது பிரெஞ்சு மொழி வழக்கு. எவ்வளவு கச்சிதமான சொல்! வாய் என்று சொன்னவுடன் கை மறைந்துவிடுகிறது, கண் மறைந்துவிடுகிறது, தாலாட்டிய குரல் மறைந்துவிடுகிறது. தின்னும் துளை ஒன்றே எஞ்சுகிறது. துளையை அடைப்பதற்கு எவனுடைய நெஞ்சு நடுங்கும்?

கதவும் அம்பும் காலத்துக்கேற்ப உருமாறுகின்றன. 1938 அக்டோபர் இறுதியில், ஏறத்தாழ 17,000 போலந்து யூதர்களை இட்லரின் செருமனி எல்லைக்குத் துரத்தியது. போலந்து உள்ளே விட மறுத்தது. ஸ்போன்ஷின் என்னும் எல்லையூரில் ஆயிரக்கணக்கானோர் மாதக்கணக்கில் தவித்துக் கிடந்தனர். முன்னும் போகமுடியாது, பின்னும் போகமுடியாது. நார்மண்டிச் சரிவுக்கும் அந்த எல்லையூருக்கும் இடையே ஏழு நூற்றாண்டுகளுக்கு மேல்!

ரோஜர் டி லேசி என்ன ஆனான்? பிலிப் அவனை மதிப்போடு நடத்தினான். மீட்புத்தொகைக்கு ஜான் உதவினான். இங்கிலாந்து திரும்பி உயர்பதவி வகித்தான். தளபதிக்குத் தளபதி காட்டும் மரியாதை! கோட்டையையோ, பிற்காலத்தில் நான்காம் ஹென்றி இடிக்க ஆணையிட்டான்; அதன் கற்கள் துறவியர் மடங்களைச் செப்பனிடப் போயின.

சரிவிலே கிடந்தவர்களுக்குக் கடைசியில் வழி திறந்துவிட்டவன் பிலிப்பே. ஒருநாள் அவர்களின் ஓலம் அவன் காதில் விழுந்ததாம். மனமிரங்கி உணவளித்துப் போகவிடச் சொன்னானாம். காய்ந்து கிடந்த வயிறு சோற்றைத் தாங்காமல், உண்டபின்னும் பலர் மாண்டனர். மன்னனின் இந்தப் பேரிரக்கத்தைப் பாட்டில் எழுதி வைத்தவர், முற்றுகையின்போது அவனுடன் இருந்த வில்லியம் என்னும் பாதிரியார். அவர் அதே மன்னனின் அரண்மனைக் குரு.