அப்பாலும் ஓர் அடியார்

சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் தனியடியார் 63 பேரையும் தொகையடியார் 9 கூட்டத்தாரையும் போற்றுகிறது. அந்த ஒன்பது கூட்டத்துள் ஒன்றிற்கு ‘அப்பாலும் அடிச்சார்ந்தார்’ என்பது பெயர். மூவேந்தர் ஆண்ட தமிழ்நிலத்திற்கு அப்பால் வாழ்ந்தோரும், போற்றப்பட்ட அடியார்களின் காலத்திற்கு முன்னும் பின்னும் வாழ்ந்தோரும் அதில் அடங்குவர். பெயர்ப் பட்டியல் இல்லாத கூட்டம் அது. ஆதலால் இடநெருக்கடியும் இல்லை. கடல் கடந்த மலேசிய மண்ணில், நல்ல இலக்கியம் எங்கே இருக்கிறது என்று வாழ்நாளெல்லாம் தேடித் திரிந்த ஒரு தமிழ் வாசகனை அக்கூட்டத்தின் கடைசி வரிசையில் உட்கார வைத்தால் சேக்கிழார் சினந்துகொள்ள மாட்டார். புராணத் தலைவருக்கு ஒரு பெயர் வேண்டும் அல்லவா? ‘வாசக நாயனார்’ என்றே அவரை அழைக்கலாம். அவர் ஒருவர் அல்லர். பலர் சேர்ந்த ஓர் உருவம்.

வாசக நாயனாரின் இறைவன் நல்ல இலக்கியம். அவ்விறைவனின் இலக்கணத்தைக் கூறப் புகுந்தோர் தமக்குள் முரண்படுவர். பயன் தருவதே நல்ல இலக்கியம் என்பர் ஒரு சாரார். இன்பம் தருவதே என்பர் மற்றொரு சாரார். இரண்டும் தருவது என்று இருவரையும் சமாதானம் செய்து வைப்பார் தேர்வுக்கு விடை எழுதும் மாணவர். நாயனாரின் வரலாறோ வேறொரு கேள்வியை எழுப்புகிறது. நல்ல இலக்கியத்தைத் தேடுதல், தேடுகின்றவரை எத்தகையவராக ஆக்குகிறது என்பதே அக்கேள்வி.

சைவ நூல்கள் இறைவனை அடையும் நெறிகளைச் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்காக வகுக்கும். அடிமையாக நின்று தொண்டு செய்தல், மகனாக நின்று பூசித்தல், தோழனாக நின்று உறவாடுதல், அறிவால் ஒன்றுதல் என அவை படிப்படியாக உயரும். பத்துமலைக்கு 272 படிகள். நாயனாருக்கு நான்கே படிகள். ஆனால் பத்துமலையில் ஏறுவோர் அன்று மாலைக்குள் இறங்கி வீடு சேர்ந்துவிடுகின்றனர்.

சரியை

பால்மரத் தோட்டங்களே தமிழரின் ஊர்களாக இருந்த காலத்தில், லயத்து வீடு ஒன்றில் நாயனார் பிறந்தார். விடியுமுன் பெற்றோர் பெரட்டுக் களத்திற்குச் சென்றுவிடுவர். வீட்டில் இருந்த நூல்கள் இரண்டு: ஒன்று பஞ்சாங்கம், மற்றொன்று அட்டை கிழிந்த அல்லி அரசாணி மாலை. இரண்டும் தீர்ந்தபின், கடையில் பருப்புக் கட்டிக் கொடுத்த தாளை நீவிப் படித்தார். கதையின் நடுப்பகுதி மட்டுமே பொட்டலத்தில் வந்தது. தொடக்கமும் முடிவும் எவர் வீட்டுக் குழம்புக்குப் போயினவோ என்று எண்ணியெண்ணி, அவற்றைத் தாமே கட்டி முடித்துக்கொண்டார்.

பின்னர்த் துப்பறியும் கதைகள், காதல் கதைகள், அரச கதைகள் எல்லாம் வந்தன. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வெளிவந்த பொன்னியின் செல்வனைப் பக்கம் பக்கமாகப் பிரித்தெடுத்து, ஊசி நூலால் தைத்து வைத்திருந்த கட்டு ஒன்று லயம் முழுதும் கைமாறி அவரிடம் வந்தது. மண்ணெண்ணெய் விளக்கின் திரி கருகும்வரை படித்தார். கிடைத்ததையெல்லாம் படிக்கும் இந்நிலையைக் கற்றோர் இகழ்வதுண்டு. கோயில் முற்றத்தைக் கூட்டி மெழுகுகிறவரை எந்த அடியாரும் இகழ்ந்ததில்லை. உழவாரப் படையோடு புல் செதுக்கிய அப்பரே அந்நெறியின் தலைவர். பொட்டலத் தாளைப் படித்திராத கை, பின்னொருநாள் புறநானூற்றைத் தானே தேடிச் செல்லும் என்று எதிர்பார்ப்பது அரிது.

கிரியை

பள்ளிக்குச் சென்றபின் நாயனார் பூசை முறைகளைக் கற்றார். எது உவமை, எது உருவகம், எது கருப்பொருள், எது படிப்பினை என்று பிரித்துக் காட்டப் பழகினார். முறை தெரியாத அன்பு விரைவில் களைத்துவிடும். ஆதலால் கிரியையும் வேண்டியதே. எனினும் அலங்காரம் செய்யப் பழகியவருக்கு ஓர் ஆபத்து உண்டு. மாலைமேல் மாலை சாத்தி, முடிவில் மூர்த்தியின் முகத்தைக் காணாமல் போய்விடுவார். நாயனார் ஒரு செய்யுளில் பதினொரு நயங்களைக் கண்டு முழு மதிப்பெண் பெற்ற நாளில், அச்செய்யுள் ஒரு தாயின் அழுகை என்பதைக் கவனிக்கவில்லை.

இங்குக் கண்ணப்பர் கதை நினைக்கத்தக்கது. ஆகமம் அறிந்த சிவகோசரியார் நீரும் மலரும் கொண்டு பூசித்த திருமேனிக்கு, ஆகமம் அறியாத வேடர் வாயில் சுமந்த நீரையும் தாம் சுவைத்துப் பார்த்த ஊனையும் படைத்தார். எது சுவையானது என்பதைத் தம் நாவால் அறிந்தே அவர் கொடுத்தார். மதிப்பீடு என்பதன் முதற்பொருள் அதுவே. கதையைக் கேட்போர் வேடரைப் புகழ்ந்து, சிவகோசரியாரை மறந்துவிடுகின்றனர். இறைவன் அவரைத் துரத்தவில்லை. மறைந்து நின்று வேடரின் அன்பைக் காணும்படி அவருக்குக் கட்டளையிட்டார். புலமை உடையவர், புலமை இல்லாதவரின் படிப்பை ஒளிந்து நின்றேனும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அக்கதை ஆசிரியர்களுக்கு வழங்கும் பாடம்.

யோகம்

தோழமை நிலையில் அடியார் இறைவனோடு ஊடலாம், சுந்தரர் ஊடினார். நாயனாரும் நூல்களோடு சண்டையிடத் தொடங்கினார். இளங்கோவடிகளிடம் மாதவிக்காக வழக்காடினார். கம்பரிடம் வாலிக்காக வாதிட்டார். தேம்பாவணிக்கும் சீறாப்புராணத்திற்கும் யாத்திரை போனார். மொழிபெயர்ப்பு என்னும் தோணியேறித் தாகூரையும் தால்ஸ்தாயையும் தரிசித்தார்.

இந்த யாத்திரைக்கு வழிகாட்டிய பெரியவர் ஒருவர் உண்டு. 1880ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையருக்கு வயது 25; குடந்தைக் கல்லூரியில் தமிழாசிரியர். அந்தாதி, பிள்ளைத்தமிழ், கலம்பகம், தலபுராணம் என நூற்றுக்கணக்கில் கற்றவர். சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டபோது, தாம் கற்ற நூல்களின் பட்டியலை விரித்துரைத்தார். முதலியார் அவற்றிற்கு மயங்கவில்லை; சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. திருவாவடுதுறை மடத்தில் பயின்ற சைவரான ஐயர், அச்சமண காவியத்தின் பொருளை அறியக் குடந்தைச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. தமக்குத் தெரியாதது ஒன்று உண்டு என்று ஒப்புக்கொண்ட அந்தப் பகற்பொழுதிலிருந்தே பத்துப்பாட்டும் சிலப்பதிகாரமும் புறநானூறும் மணிமேகலையும் ஒவ்வொன்றாக அச்சு வடிவில் வெளிவந்தன எனலாம்.

ஆணவம்

யோகத்திற்கும் ஞானத்திற்கும் இடையே நாயனார் வழுக்கி விழுந்தார். உயிரைப் பற்றிய மலங்கள் மூன்றனுள் ஆணவத்தைச் செம்பில் ஊறிய களிம்பு என்பர். செம்பைத் தேய்க்கத் தேய்க்க ஒளிரும்; தேய்த்து முடித்தோம் என்று கைகட்டி நின்றால் மறுநாளே பச்சை படரும். நல்ல நூல்களைக் கண்டுகொண்டோம் என்ற எண்ணம் நாயனாரைப் பற்றியது. அவர் அடியார் வேலையை விட்டுத் துவாரபாலகர் வேலையை ஏற்றுக்கொண்டார். பிறர் கையில் இருக்கும் நூலின் அட்டையைப் பார்த்தே அவர்களுடைய மறுமையை முடிவு செய்தார். பேருந்தில் எவரேனும் மாதநாவல் படித்தால் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மலேசியத் தமிழ் நூல்கள் அவர் கண்ணுக்குத் தோட்டத்து மரத்தடி முனீஸ்வரர் போலத் தோன்றின. சிதம்பரத்தையும் மதுரையையும் கண்டவர் மரத்தடியில் தேங்காய் உடைப்பதா? எவரோ அன்பளித்த உள்நாட்டு நாவல் ஒன்றை இரண்டு பக்கம் புரட்டி, அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டார்.

தடுத்தாட்கொள்ளல்

சுந்தரரின் திருமணப் பந்தலுக்குள் ஒரு முதியவர் கையில் ஓலையோடு நுழைந்து, மணமகன் தமக்கு அடிமை என்று வழக்குரைத்தார். சுந்தரர் அவரைப் பித்தர் என்று ஏசி, ஓலையைப் பறித்துக் கிழித்தெறிந்தார். கிழிந்தது படியோலை. மூல ஓலை வெண்ணெய்நல்லூர் அவையில் வெளிப்பட்டது. அதில் இருந்த கையெழுத்து சுந்தரருடைய பாட்டனாருடையது.

நாயனாருக்கும் அவ்வாறே நிகழ்ந்தது. உலக இலக்கியம் குறித்து உரையாற்ற அழைக்கப்பட்டிருந்தார். முதல்நாள் இரவு குறிப்பெடுக்க அலமாரியைக் குடைந்தபோது அடித்தட்டில் இருந்த நாவல் கையில் அகப்பட்டது. ஆர். சண்முகம் எழுதி 1993இல் வெளிவந்த ‘சயாம் மரண ரயில்’ அது. ஜப்பானியர் ஆட்சியில், 1942-43ஆம் ஆண்டுகளில், சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப் பாதை காடுகளை வெட்டிப் போடப்பட்டது. மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் அங்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பசியாலும் மலேரியாவாலும் வாந்திபேதியாலும் மாண்டவர் பலர். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை கிடையாது.

நாயனாரின் பாட்டனார் சயாமுக்குப் போனவர், திரும்பவில்லை. அதற்குமேல் வீட்டில் எவரும் பேசியதில்லை. பாட்டி சோறு வடிக்கும்போதெல்லாம் முதற்கரண்டியைத் தனியே எடுத்து வைப்பார். ஏன் என்று நாயனார் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றிரவு நாவலை மூடியபோது பாட்டியின் கரண்டி அவர் கண்முன் நின்றது. தால்ஸ்தாயின் போர்க்களத்தில் மாண்ட வீரர்களுக்காகக் கண்ணீர் விட்டவர், தம் அடுப்படியில் நாள்தோறும் நடந்த நீத்தார் கடனைக் கண்டுகொள்ளவில்லை. அலமாரியில் அவர் தள்ளி வைத்தது படியோலை. மூல ஓலை பாட்டனாரின் கையெழுத்தோடு அத்தனை ஆண்டுகளும் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

மறுநாள் மேடையில் நாயனார் பேசியது பத்து மணித்துளிகளே. அவர் வைத்திருந்த குறிப்புத் தாள் சட்டைப்பையிலேயே இருந்தது.

இதனைக் கொண்டு, உள்நாட்டில் அச்சான ஒவ்வொரு நூலும் தெய்வம் என்று கொள்வது பொருந்தாது. வழியில் கிடக்கும் கல்லுக்கெல்லாம் மஞ்சள் பூசினால் நடக்க வழி இராது. நம்மவர் எழுதியது என்பதற்காகப் புகழ்தலும், நம்மவர் எழுதியது என்பதற்காக இகழ்தலும் நூலைப் படிக்காமல் தப்பிப்பதற்கான இரண்டு வழிகளே. தால்ஸ்தாய் அவருக்கு வீண்போகவும் இல்லை. அந்நியர் துயரைக் கேட்கப் பழகிய செவிதான் அன்றிரவு வீட்டின் மௌனத்தையும் கேட்டது. நூல் எங்கிருந்து வந்தாலும் சோதனை ஒன்றே. முகத்துதி செய்யும் நூல் படிப்பவரை மணப்பந்தலிலேயே இருக்க விடும். நல்ல நூல் அவரைக் கைப்பிடித்து எழுப்பி, அவர் பட்ட கடனுக்கு ஓலை காட்டும்.

ஞானம்

நாயனார் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்பதைச் சொல்லாமல் விட்டது, இவ்விடத்திற்காகவே. ஆதனூரில் பிறந்த நந்தனார் திருப்புன்கூர்க் கோயிலுக்கு வெளியே நின்று இறைவனைக் காண ஏங்கினார். நந்தி மறைத்தது. இறைவன் அதனை விலகச் செய்தார். இன்றும் அக்கோயிலில் நந்தி நேர்க்கோட்டில் இல்லாமல் விலகியே இருக்கிறது. நந்தியின்மேல் குற்றம் சொல்ல முடியாது. இறைவனுக்கு மிக அருகில், இறைவனையே நோக்கி இருப்பது அது. மிக அருகில் இருப்பதனாலேயே பின்னால் நிற்பவருக்கு மறைக்கிறது. ஆசிரியரும் திறனாய்வாளரும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அக்கதையின் குறையையும் மறந்துவிடலாகாது. நந்தி விலகியதே தவிர, நந்தனாருக்கு வாயில் திறக்கப்படவில்லை. நூல் வாங்க வழியில்லாத பிள்ளைக்கு நயம் மட்டும் எடுத்துரைப்பது, மதிலுக்கு வெளியே நிற்பவருக்குத் தீபாராதனையை வருணிப்பது போன்றதாகும்.

ஒருநாள் வகுப்பில் மாணவன் ஒருவன் பாடநூலுக்குள் ஒரு துப்பறியும் கதையை ஒளித்து வைத்துப் படித்துக்கொண்டிருந்தான். துவாரபாலகராக இருந்த காலமாயின் நாயனார் அதனைப் பறித்திருப்பார். அன்று அவர் அருகில் போய், “அப்புறம் என்ன ஆச்சு?” என்று மட்டும் கேட்டார். பையன் அஞ்சி எழுந்து, பின் அச்சம் மறந்து, மூச்சுவிடாமல் கதை முழுவதையும் சொல்லி முடித்தான். நாயனார் ஒளிந்து நின்ற சிவகோசரியாரைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தார். மணி அடித்தபின் தம் பையிலிருந்து ஒரு நாவலை எடுத்து அவன் மேசைமேல் வைத்தார். அதன் பெருமையைப் பற்றி ஒரு சொல்லும் கூறாமல், சற்றே விலகி நடந்தார்.

மூன்று வாரம் கழித்து நூல் திரும்பி வந்தது. அட்டையில் குழம்பு சிந்திய மஞ்சள் கறை. நாயனார் அதைத் துடைக்கவில்லை. பூசை நடந்திருக்கிறது என்று கண்டுகொண்டார்.