சங்கிலி கையில் இருக்கும்போது

காலிங் பெல் அடிக்கிறது. நாய் குரைக்கிறது. "ஏய், சும்மா இரு!" என்று ஓர் அதட்டல், கூடவே கழுத்துப் பட்டையில் ஒரு சுண்டு. நாய் அடங்கிவிடுகிறது. பாடம் சொல்லியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். நாளைக்கும் பெல் அடிக்கும், நாய் குரைக்கும், நாமும் அதட்டுவோம். மாதக்கணக்கில் இப்படியே போகிறதென்றால் இதில் பாடம் படித்தது யார்? காதைக் குடைந்த சத்தம் என் அதட்டலில் நின்றது. அந்த நிம்மதி எனக்குக் கிடைத்த கூலி. கூலி கிடைக்கிற காரியத்தைக் கை திரும்பத் திரும்பச் செய்யும். எலியையும் புறாவையும் வைத்து உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் போட்ட கணக்கு இதுதான். அதை நாய்மேல் போட்டுப் பார்க்கிறவர்கள் தங்கள்மேல் போட்டுப் பார்ப்பதில்லை.

நாயைக் கண்டித்துப் பழக்குவதை முறையாக எழுதிவைத்த முன்னோடி ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட். போலீஸ் நாய்களைப் பழக்கியவர். அவருடைய கையேடு 1910-இல் வந்தது. அமெரிக்காவில் டிஸ்னி படங்களுக்கு நாய்களைத் தயார்செய்த வில்லியம் கோஹ்லர் 1962-இல் தன் புத்தகத்தை வெளியிட்டார். நீளக் கயிறும் கழுத்தை இறுக்கும் சங்கிலியும் அவருடைய கருவிகள். கடுமையான ஆட்கள்தான். ஆனால் அந்தக் கடுமைக்கு ஒரு கணக்கு இருந்தது. தப்பு நடக்கிற அதே நொடியில் சுண்ட வேண்டும், உடனே தளர்த்த வேண்டும், சரியாகச் செய்ததும் தட்டிக்கொடுக்க வேண்டும். நம் தெருவுக்கு வந்துசேர்ந்தது சோக் செயின் மட்டும்தான். கணக்கு வரவில்லை.

எங்கள் குடியிருப்பில் ஒரு லாப்ரடார் இருக்கிறது. யார் வந்தாலும் மேலே தாவும். அதைத் திருத்த ஒரு ட்ரெயினரை வைத்தார்கள். காலையில் கார் நிறுத்துமிடத்தில்தான் பாடம். கேட்டுக்கு வெளியே தெருநாய் ஒன்று தென்பட்டால் லாப்ரடார் வாலை ஆட்டிக்கொண்டு ஓரடி முன்னால் போகும். உடனே படக்கென்று ஒரு சுண்டு. அது நாக்கை நீட்டி மூக்கை நக்கிக்கொள்ளும், காதைப் பின்னால் ஒட்டவைத்துக்கொள்ளும், தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடும். நாய் பதற்றத்தில் இருப்பதற்கு இவையெல்லாம் அடையாளம். பார்க்கிறவர்களுக்கோ, "பாருங்க, எப்படி அடங்கிடுச்சு!" கொஞ்ச நாளில் அந்தத் தெருநாயைக் கண்டாலே லாப்ரடார் உறுமத் தொடங்கியது. அதன் நியாயம் எளிமையானது: அந்த நாய் வந்தால் என் கழுத்து வலிக்கிறது. இழுக்காதே என்று நாம் சொல்ல நினைத்தோம், அது வேறொன்றைப் படித்துக்கொண்டது. பிறகு உறுமலுக்கும் ஒரு சுண்டு. இது ஆபத்தான வேலை. கிட்டே வராதே என்று நாய் தருகிற முன்னறிவிப்புதான் உறுமல். அதை அடித்து நிறுத்திவிட்டு, ஒருநாள் கடித்ததும் "ஒரு சத்தமும் இல்லாம கடிச்சிடுச்சு" என்று அங்கலாய்ப்போம்.

"நீங்கதான் தலைவன்னு காட்டணும் சார்" என்றார் ட்ரெயினர். இந்தத் தலைவன் கதை ஓநாயிடமிருந்து வந்தது. அடைத்துவைத்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷென்கெல் 1947-இல் எழுதியதை, 1970-இல் டேவிட் மெக்கின் புத்தகம் ஊரெல்லாம் பரப்பியது. காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் கொண்ட குடும்பம்தான், அதிகாரப் போட்டி அல்ல என்று 1999-இல் அதே மெக் எழுதினார். எழுதியவரே திருத்திக்கொண்டார், நம் கார் நிறுத்துமிடத்துக்குத்தான் அந்தத் திருத்தம் இன்னும் வந்துசேரவில்லை.

இன்னொரு நம்பிக்கை, "தப்பு பண்ணினது அதுக்கே தெரியும், மூஞ்சியப் பாருங்க" என்பது. 2009-இல் அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 14 நாய்களை வைத்து இதைச் சோதித்தார். தின்பண்டத்தைக் காட்டித் தின்னாதே என்று சொல்லிவிட்டு உரிமையாளர் அறையைவிட்டுப் போவார். திரும்பி வந்ததும், நாய் தின்றுவிட்டது என்றோ தின்னவில்லை என்றோ அவரிடம் சொல்வார்கள், சில முறை பொய்யாக. தின்றுவிட்டது என்று கேட்டால் அவர் நாயைத் திட்டுவார். குற்றமுகம் வந்தது திட்டு வாங்கிய நாய்களுக்குத்தான். தின்றதா இல்லையா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதிலும், தின்னாமலே திட்டு வாங்கிய நாய்களின் முகத்தில்தான் குற்றம் அதிகமாகத் தெரிந்தது. ஆபீஸில் இதை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பேச்சில் எனக்கு முக்கியமாகப் படுவது டால்பின். 1984-இல் 'டோன்ட் ஷூட் த டாக்' என்ற புத்தகத்தை எழுதிய கேரன் ப்ரையர், அதற்கு முன் ஹவாயில் டால்பின்களைப் பழக்கிக்கொண்டிருந்தவர். டால்பினுக்குச் சங்கிலி போட முடியாது. அதட்டினால் அந்தப் பக்கம் நீந்திப் போய்விடும். ஆகவே அது சரியாகச் செய்கிற கணத்தைப் பிடித்து விசில் ஊதி மீன் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. பிடித்து நிறுத்த முடியாத உயிரிடம் மனிதன் பொறுமையைக் கற்றான். சங்கிலி கையில் இருக்கிற இடத்தில் அதைக் கற்கவேண்டிய அவசியமே வரவில்லை.

வீட்டிலும் இதே கதைதான். மேலதிகாரியை நாம் திருத்துவதில்லை, கோபித்துக்கொண்டு போய்விடக்கூடிய நண்பனையும் திருத்துவதில்லை. பிள்ளை, புது மருமகள், வேலைக்கு வருகிற பெண் என்று எழுந்து போக முடியாதவர்களாகப் பார்த்துத்தான் திருத்துகிறோம். அடியாத மாடு படியாது என்ற பழமொழியிலும் மாடு கட்டிப்போட்ட மாடுதான். பள்ளிக்கூடத்தில் பிரம்பு கூடாது என்று 2009-இன் கல்வி உரிமைச் சட்டம் சொல்லிவிட்டது. "பயம் விட்டுப்போச்சு" என்று இன்றும் குறைப்படுகிறவர்களுக்குப் போனது பிள்ளைகளின் பயமா, தங்களுக்குக் கிடைத்துவந்த கூலியா?

கண்டிப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. லாரி வருகிற சாலையில் பாயும் நாயை இழுத்துத்தான் ஆகவேண்டும். அது நாயைக் காப்பாற்றும், ஆனால் பழக்காது. பழக்க வேண்டுமென்றால், செய்யாதே என்பதோடு நிற்காமல் பதிலுக்கு எதைச் செய்வது என்றும் சொல்லித்தர வேண்டும். உட்கார்ந்திருக்கிற நாயால் தாவ முடியாது, அவ்வளவுதான் சூத்திரம்.

லாப்ரடார் வீட்டுப் பெண் இப்போது அதைத்தான் செய்கிறாள். ட்ரெயினரை நிறுத்திவிட்டாள். வாசலில் ஒரு டப்பாவில் பிஸ்கட் துண்டுகள். யாராவது வந்தால், பின்பக்கம் தரையில் பட்ட பிறகுதான் கொஞ்சல், பிஸ்கட் எல்லாம். நாய் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. சிக்கல் விருந்தாளிகளிடம்தான். தாவினால் திரும்பி நில்லுங்கள் என்றால், "பரவால்லம்மா, எனக்கு நாய்னா உயிர்" என்று இரண்டு கையாலும் அதைத் தூக்கி அணைத்துக்கொள்கிறார்கள். "அங்கிள், ப்ளீஸ், அது உட்கார்ந்தப்புறம் தொடுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவர்களை ஒன்றும் சுண்டி இழுக்க முடியாதே.