பொறுமை என்பது வாளாவிருப்பதா?

துன்புற்றோரைக் காணச் செல்லும்போது நம் நாவில் முதலில் வருவது, "ஸப்ரு செய்யுங்கள்" என்னும் சொல்லே. சொல்வது எளிது, சொல்பவருக்கு அதனால் செலவு ஏதும் இல்லை. ஆனால் காலை நீட்டிப் படுத்திருப்பவர், "எதைச் செய்வது ஸப்ரு?" என்று திருப்பிக் கேட்டால் நம்மில் எத்தனை பேர் விடை கூறுவோம்? வலியைக் காட்டாமல் எழுந்து நடப்பதா? அவன் விட்ட வழி என்று அசையாமல் கிடப்பதா? பெரும் பிணிகளை வைத்து இவ்வினாவை ஆராயப் புகுந்தால் அச்சமும் துயரமும் நம் அறிவை மறைத்துவிடும். எனவே, உயிருக்கு ஊறு செய்யாத, ஆயினும் எவரையும் வீட்டோடு கட்டிப்போடும் ஒரு சிறு துன்பத்தை எடுத்துக்கொள்வோம். கணுக்கால் பிசகுவதே அது.

கணுக்காலை அரபியில் 'கஃபு' என்பர். உளூச் செய்யும்போது காலை எதுவரை கழுவுவது என்பதற்கு இதுவே எல்லை. ஆதலால் நாள்தோறும் நம் விரல்கள் இதனைத் தொட்டுச் செல்கின்றன. தொடுகிறோமேயன்றி நாம் அதை நினைப்பதில்லை. கீழ்க்காலின் இரண்டு எலும்புகளும் பாதத்தின் மேலெலும்பும் கூடும் இம்மூட்டை வெளிப்புறத்தில் மூன்று நார்கள் பிணைத்து நிற்கின்றன. படியில் கால் தவறும்போது பாதம் பெரும்பாலும் உட்புறமாகவே மடங்குகிறது. அப்போது வெளிப்புற நார்கள் இழுபடுகின்றன. முன்பக்கத்து நாரே பெரும்பாலும் முதலில் அடிபடுவது. 'சுளுக்கு' என்று நாம் ஒரே சொல்லில் அடக்கிவிடுவது, சில இழைகள் நைந்ததாகவும் இருக்கலாம்; நார் முழுவதும் அறுந்ததாகவும் இருக்கலாம்; எலும்பே முறிந்ததாகவும் இருக்கலாம்.

இங்கேதான் பொறுமையைப் பற்றிய முதல் தவறான எண்ணம் தலைகாட்டுகிறது. "ஒன்றுமில்லை" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பதே ஆண்மை என்றும், நோவைச் சொல்லாதிருப்பதே பெண்மை என்றும் சிலர் கருதுகின்றனர். உண்மை நிலையை அறிய மறுப்பது பொறுமையாகுமா? கனடாவின் ஒட்டாவா நகரில் மருத்துவர் ஸ்டீலும் அவர்தம் குழுவினரும் 1992ஆம் ஆண்டில் எளிய விதிகளை வகுத்தனர். கணுக்காலில் வலியுள்ளவர், அடிபட்ட உடனும் மருத்துவர் பார்க்கும் வேளையிலும் நான்கு அடி எடுத்து வைக்க இயலாதிருந்தாலோ, இருபுறமும் புடைத்திருக்கும் கணு எலும்பின் பின்விளிம்பையோ நுனியையோ அழுத்தும்போது வலித்தாலோ, எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். உலகின் பல நாடுகளில் மருத்துவர்கள் இன்றும் இதைப் பின்பற்றுகின்றனர். நம் ஊர்களிலோ, இரட்டைப் பிள்ளை பெற்றவர் நீவிவிட்டால் சுளுக்கு விடும் என்னும் வழக்கம் உண்டு. அன்புள்ள கை ஆறுதல் தரும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் முறிந்திருக்கிறதா என்று அறியாமலே அழுத்தி உருவினால் அந்த அன்பே தீங்காய் முடியக்கூடும்.

சரி, உண்மையை அறிந்தாயிற்று. சலுகையை ஏற்பது தாழ்வல்லவா என்று கேட்போர் உண்டு. இவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே விடை இருக்கிறது. மதீனாவில் அவர்கள் குதிரையிலிருந்து பேரீச்சமரத்தின் அடிக்கட்டையின்மீது விழுந்து, அவர்களுடைய பாதம் பிசகியதை ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். நலம் விசாரிக்கச் சென்ற தோழர்கள், ஆயிஷா (ரலி) அவர்களின் அறையில் நபிகளார் அமர்ந்தபடியே தொழக் கண்டார்கள். கால்கள் வீங்க நின்று வணங்கிய அதே பெருமானார்தாம், கால் பிசகியபோது உட்கார்ந்து தொழுதார்கள். இரண்டும் வணக்கமே. உடல் நம் சொத்தன்று, அமானிதம். பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை வீம்புக்காக உடைத்துவிட்டு, அதை நேர்மை என்று சொல்ல முடியுமா?

அரபு மொழியின் ஒரு வேர்ச்சொல் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. 'ஜப்ரு' என்றால் முறிந்ததை ஒட்டவைத்தல். நிர்ப்பந்தம் என்பதும் அதன் பொருளே. முறிவுக்குக் கட்டும் பத்தையை 'ஜபீரா' என்பர். அதன்மீது ஈரக்கையால் தடவி உளூவை நிறைவேற்றும் சட்டத்தை மத்ரஸா மாணவர் அனைவரும் படித்திருப்பர். ஒன்பதாம் நூற்றாண்டில் அல்குவாரிஸ்மி எழுதிய கணித நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ரு' என்னும் சொல்லே உலக மொழிகளில் அல்ஜீப்ராவாயிற்று. ஸ்பானிய மொழியிலோ எலும்பு ஒட்டவைப்பவருக்கே 'அல்ஜெப்ரிஸ்தா' என்னும் பெயர் வழங்கிற்று. கட்டாயமும் சீரமைப்பும் ஒரே வேரில் பிறந்தது நமக்கு ஒன்றை உணர்த்துகிறது: விழுந்தது நம் விருப்பத்தால் அன்று, ஆனால் எழுவதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்தப் பங்கை மறப்பதே இரண்டாவது தவறான எண்ணம். பொறுமை என்றால் அசையாதிருத்தல் என்று கொள்வது அது. மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இதற்கு அருகில் நின்றது. அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978ஆம் ஆண்டில், ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, காலை உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் ஒரு சூத்திரமாகத் தந்தார். அது உலகெங்கும் மனப்பாடமாயிற்று. அவரே 2014ஆம் ஆண்டில், பனிக்கட்டியும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று எழுதினார். தம் பெயரால் நிலைத்த ஒரு போதனையைத் தாமே திருத்திய அந்த அறிவு நேர்மையை நம் ஆசிரியப் பெருமக்களும் எண்ணிப்பார்க்க வேண்டும்.

அடிபட்ட நார் எவ்வாறு ஆறுகிறது? முதற்சில நாட்கள் வீக்கமும் வெப்பமும் தோன்றுகின்றன. அது உடல் தொடங்கும் பழுதுபார்ப்பு. அடுத்த வாரங்களில் புதிய இழைகள் தாறுமாறாக முளைக்கின்றன. பின்னர்ப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேலாக, அவை ஒழுங்குபெற்று உறுதியாகின்றன. அளவறிந்து ஏற்றும் பாரமே இழைகளுக்கு எத்திசையில் நிற்பது என்று கற்பிக்கிறது. பாரமே காணாத நார் வலுவற்றுப் போகிறது. பொறுக்க முடியாத பாரமோ மீண்டும் அதைக் கிழிக்கிறது. இன்னொன்றும் உண்டு. 1965ஆம் ஆண்டில் ஃப்ரீமன் என்னும் ஆங்கில மருத்துவ அறிஞர், பிசகிய கால் மீண்டும் மீண்டும் மடங்குவதற்கு, அது தன் நிலையை உணரும் திறனை இழப்பதும் ஒரு காரணம் என்று எடுத்துரைத்தார். இத்திறனை மீட்கவே ஒற்றைக் காலில் நின்று பழகும் பயிற்சி. சுவரைப் பிடித்தபடி சில நொடிகள். பின்னர்ப் பிடியை விட்டு. பின்னர்ச் சற்று நீண்ட நேரம். வலி நின்றதும் இதை விட்டுவிடுவோரே பலர். ஒருமுறை பிசகிய கணுக்கால் மறுமுறையும் பிசக வாய்ப்பு மிகுதி என்பதை அவர்கள் நினைப்பதில்லை.

பார்வையாளர் எவரும் இல்லாத வேளையில், பலன் கண்ணுக்குத் தெரியாத நிலையில், இன்றைக்குச் செய்ய வேண்டிய அந்தச் சிறு முயற்சியைச் செய்வதுதான் ஸப்ரு. பனிக்கட்டியின் சூத்திரம் மாறலாம், இது மாறுவதில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் பொறுமையையும் நன்றியையும் ஒரே பகுதியில் இணைத்து ஆராய்ந்தார்கள். முதன்முறையாகத் துணையின்றிப் படியிறங்குபவருக்கு அந்த இணைப்பின் பொருள் விளங்கும். நேற்றுவரை எண்ணியே பாராத ஓர் அருட்கொடை, இன்று ஒவ்வொரு படியிலும் எண்ணப்படுகிறது.

ஆயினும் இத்துடன் முடித்துவிட்டால் நாம் நேர்மையாகப் பேசியவர்கள் ஆகமாட்டோம். ஓய்வெடுக்கவும் பயிற்சி செய்யவும் எல்லாருக்கும் இடம் இருக்கிறதா? மூட்டை தூக்குபவர் ஒரு வாரம் உட்கார்ந்தால் அடுப்பு எரிவது எப்படி? வீட்டுத் தலைவருக்குக் கால் பிசகினால் குடும்பமே கூடி நிற்கிறது. வீட்டிலுள்ள தாய்க்குப் பிசகினாலோ, துணியைச் சுற்றிக்கொண்டு அவரே சமைக்கிறார். அவரே தண்ணீர் சுமக்கிறார். "அவர் பொறுமைசாலி" என்று நாம் புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சியில் எவ்வளவு நம் சோம்பல் மறைந்திருக்கிறது என்று எண்ணிப்பார்க்க வேண்டாமா? உட்கார்ந்து தொழும் சலுகையை மார்க்கம் அவருக்கு அளித்திருக்க, உட்கார்ந்து உண்ணும் சலுகையை நாம் மறுக்கலாமா?

எனவே, பொறுமை துன்புற்றவரின் தனிக் கடமை மட்டுமன்று. அவர் பொறுமையோடிருக்க இடம் அமைத்துத் தருவது சுற்றியிருப்போரின் கடமை. கூலி இழந்தவரின் வீட்டுக்கு அரிசி அனுப்புவது, குடத்தை மகன் எடுத்துக்கொள்வது, நாற்காலியை அடுப்பருகில் கொண்டுபோய் வைப்பது, மாதம் ஒன்று கடந்த பின்னும் "பயிற்சி செய்கிறீர்களா?" என்று கேட்பது ஆகிய இவையெல்லாம் அதில் அடங்கும். உதவியை ஏற்பவரும் தாழ்ந்துவிடுவதில்லை. பிறர் நன்மை ஈட்ட அவர் வழி திறந்துவிடுகிறார்.

அடுத்த முறை ஒரு நோயாளியின் வீட்டு வாசலில் "ஸப்ரு செய்யுங்கள்" என்று சொல்லும் முன், இந்த வீட்டில் இன்று எந்தச் சுமையை நாம் தூக்கலாம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்வோம். அதைத் தூக்கிய பிறகு சொல்லும் சொல்லுக்கே எடை இருக்கும்.