நடுங்கும் கையும் நாம் கூறும் தீர்ப்பும்

அரபுக் கல்லூரிகளில் அகீதாப் பாடத்திற்கு ஓதப்படும் கிதாபுகளுள் ஒன்று, இமாம் தஃப்தாஸானி (ரஹ்) அவர்களின் ‘ஷரஹுல் அகாயித்’. மனிதனுக்குத் தன் செயலில் விருப்பம் உண்டா என்னும் வினா எழும் இடத்தில் அந்நூல் ஓர் எடுத்துக்காட்டைத் தருகிறது. ஒரு பொருளைப் பற்றும் கையின் அசைவு ஒன்று. நோயால் நடுங்கும் கையின் அசைவு மற்றொன்று. முன்னது விருப்பத்தோடு நிகழ்வது. பின்னது விருப்பமின்றி நிகழ்வது. இவ்வேறுபாட்டை எவரும் மறுக்க இயலாது. ஆதலின் மனிதனைக் காற்றில் ஆடும் சருகென்று கூறுதல் பொருந்தாது என்பது அங்கு நிறுவப்படுகிறது.

இப்பாடத்தைப் பல்லாண்டுகள் நடத்தியவன் யான். அப்படி நடத்திய நாவினாலேயே, கை நடுங்கிய ஒரு மாணவனை நோக்கி, “நடிக்கிறாய்” என்று கூறிவிட்டேன்.

அவனுக்குப் பதினேழு வயதிருக்கும். எழுத அமர்ந்தால் வலக்கை நடுங்கும். ஒருநாள் பக்கத்திலிருந்தவன் பேச்சுக் கொடுத்தபோது அந்நடுக்கம் நின்றதைக் கண்டேன். நான் உற்று நோக்கியதும் மீண்டும் தொடங்கிற்று. தேர்வுக்கு அஞ்சிச் செய்யும் சூழ்ச்சி இது என்று முடிவு கட்டி, அனைவர் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். “நான் செய்யவில்லை ஹஜ்ரத், அது தானாக வருகிறது” என்று மட்டும் சொன்னான். அடுத்த வாரம் ஊர் திரும்பினான்.

சில மாதங்கள் கழித்து அவனுடைய தந்தையார் வந்தார். நரம்பியல் மருத்துவர் சோதித்து, இது செயற்பாட்டு நடுக்கம் என்றும், உண்மையான நோயே என்றும் கூறினாராம். எதைக்கொண்டு கண்டறிந்தார் என வினவினேன். கவனம் வேறிடம் சென்றால் நடுக்கம் நிற்பதைக்கொண்டே என்றார். நடிப்புக்குச் சான்று என்று நான் கொண்டது எதுவோ, அதுவே நோய்க்குச் சான்றாயிற்று. அன்று தொடங்கி இதனை விளங்கிக்கொள்ள முயன்றேன்.

இயக்கக் கோளாறுகளை மருத்துவர்கள் இருவகையாகப் பிரிக்கின்றனர். முதல்வகை உறுப்புக் கேட்டால் வருவது. 1817-இல் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த நடுக்குவாதம் இதற்குச் சான்று. மூளையின் அடிப்பகுதியில் டோபமைன் என்னும் பொருளைச் சுரக்கும் அணுக்கள் அழிவதால் அது தோன்றுகிறது. ஓய்ந்திருக்கும் கை நொடிக்கு 4 முதல் 6 முறை நடுங்கும். நோயாளியை 100-இலிருந்து பின்னோக்கி எண்ணச் சொன்னால் நடுக்கம் பெரும்பாலும் மிகும்.

இரண்டாம் வகை செயற்பாட்டுக் கோளாறு. இங்கே நரம்போ மூளையோ சிதையவில்லை. அவை இயங்கும் முறை பிறழ்ந்துள்ளது. மற்றக் கையால் ஒரு தாளத்தைத் தட்டச் சொன்னால், நடுங்கும் கை தன் தாளத்தை விட்டு அத்தாளத்தைப் பற்றிக்கொள்ளும், அல்லது நின்றுவிடும். கால் தளர்ச்சிக்கும் இத்தகைய சோதனை உண்டு. 1908-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் ஹூவர் அதனை எழுதினார். படுத்திருப்பவரிடம் தளர்ந்த காலைக் கீழே அழுத்தச் சொன்னால் அவரால் இயலாது. நலமான காலை உயர்த்தச் சொன்னாலோ, தளர்ந்த காலின் குதிகால் தானாகவே படுக்கையை அழுத்தும். ஆக, மூளைப் படத்தில் ஒன்றும் காணவில்லை என்பதை மட்டும் கொண்டு இம்முடிவுக்கு வருதல் தவறு. பார்க்கின்சன் நோயிலும் வழக்கமான படம் பெரும்பாலும் குறையின்றியே தோன்றும்.

இவ்விரண்டையும் பிரித்தறிவதில் மருத்துவ உலகமும் இடறியிருக்கிறது. கழுத்து ஒருபுறம் திருகிக்கொள்ளும் நோயொன்று உண்டு. ‘டிஸ்டோனியா’ என்னும் பெயரை 1911-இல் ஜெர்மானியர் ஓப்பன்ஹைம் அத்தகைய நோய்களுக்கு இட்டார். தாடையை விரலால் மெல்லத் தொட்டாலே திருகல் சிலருக்குத் தளரும். இவ்விந்தையைக் கண்டு, இது மனத்தின் கோலம் எனப் பலர் பல்லாண்டுகள் எண்ணினர். 1970-களில் டேவிட் மார்ஸ்டன் முதலியோர் அதனை மூளையின் நோய் என வலியுறுத்தினர். 1997-இல் அதன் ஒரு வகைக்குக் காரணமான மரபணுவே கண்டறியப்பட்டது. இத்தகைய பிழைகள் பின்னர்க் குறைந்தன. 2005-இல் வெளிவந்த தொகுப்பாய்வின்படி, செயற்பாட்டுக் கோளாறு எனத் தவறாகக் கணித்தல் 1950-களில் 100-க்கு 29 ஆக இருந்து, 1970-களுக்குப்பின் 4 அளவில் நிற்கிறது.

இனி நம் வினாவுக்கு வருவோம். செயற்பாட்டு நடுக்கம் கவனத்தைச் சார்ந்து நிற்கிறது. விருப்பச் செயல் நடக்கும் பாதையிலேயே நடக்கிறது. ஆயினும் உடையவரோ, “நான் செய்யவில்லை” என்கிறார். அப்படியாயின் இது பற்றும் கையா, நடுங்கும் கையா?

2010-இல் வெளிவந்த ஆய்வொன்றில், இந்நோயாளிகளின் மூளை இருமுறை படமெடுக்கப்பட்டது. நடுக்கம் தானாக வந்தபோது ஒருமுறை, அதே நடுக்கத்தை அவர்கள் வேண்டுமென்றே செய்து காட்டியபோது ஒருமுறை. எண்ணிய அசைவையும் நிகழ்ந்த அசைவையும் ஒப்பிட்டுப் பார்ப்பதில் பங்குகொள்ளும் வலப்புறப் பகுதியொன்று, தானாக வந்த நடுக்கத்தின்போது குறைவாகவே இயங்கிற்று. புறத்தே ஒன்றுபோல் தோன்றும் இரண்டு அசைவுகள் அகத்தே வேறுபட்டிருந்தன.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா’வில் இதே எடுத்துக்காட்டைக் கையாளும்போது, விருப்ப அசைவுக்கும் நடுக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டை மனிதன் தன்னுள்ளே ஐயமற உணர்கிறான் என்பதையே ஆதாரமாகக் கொள்கிறார்கள். சாட்சி உள்ளே இருக்கிறது. நானோ வெளியே நின்று அச்சாட்சியை மறுத்தேன். கிதாபின் எடுத்துக்காட்டில் பிழையில்லை. என் ஓதுதலில்தான் பிழை.

‘நடிப்பவரும் உலகில் உளரே, ஹூவரின் சோதனை அவரிடமும் இதே விடையைத் தராதோ?’ எனச் சிலர் வினவலாம். தரும், மறுக்கவில்லை. அச்சோதனை அசைவின் இயல்பைக் காட்டுமேயன்றி நிய்யத்தைக் காட்டாது. ஒருவரைப் பொய்யர் எனக் கூறுவது தனியொரு குற்றச்சாட்டு. சாட்டுபவரே சான்று கொணர வேண்டும் என்பது ஃபிக்ஹின் அடிப்படை விதி. நடக்க இயலாது என்றவர் ஆளில்லா வேளையில் தடையின்றி ஓடியதைக் கண்டோமா? கண்டால் பேசலாம். கவனம் திரும்பியபோது நடுக்கம் நின்றது என்பது அத்தகைய சான்றாகாது.

ஆகவே நம் இல்லங்களில் ஒருவருக்கு நடுக்கமோ தளர்ச்சியோ தோன்றினால், பெயர் சூட்டும் பொறுப்பை நாம் ஏற்க வேண்டாம். மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம். திடீரென ஒருபுறம் செயலிழந்தால் கணமும் தாழ்த்தலாகாது. செயற்பாட்டுக் கோளாறு என்று அவர் கூறினால், “உனக்கு ஒன்றுமில்லையாம்” என்று அதனை மொழிபெயர்க்கவும் வேண்டாம். இன்று மருத்துவர்கள் அச்சோதனையை நோயாளிக்கே காட்டி விளக்குகின்றனர். “பாருங்கள், உங்கள் காலில் வலிமை இருக்கிறது; அதனை மீட்கும் வழியும் இருக்கிறது” என்று கூறி உடற்பயிற்சிச் சிகிச்சையைத் தொடங்குகின்றனர். ஒருவரைப் பொய்யராக்கப் பயன்பட்ட அதே அறிகுறி, அவருக்கு நம்பிக்கையூட்டவும் பயன்படுகிறது.

அம்மாணவன் மறு ஆண்டு திரும்பி வந்தான். நடுக்கம் குறைந்திருந்தது, முற்றும் நீங்கவில்லை. பலர் முன்னிலையில் கடிந்தேனாதலின், பலர் முன்னிலையிலேயே மன்னிப்புக் கோரினேன். அவன் தலைகுனிந்து, “பாடத்தைத் தொடங்குங்கள் ஹஜ்ரத்” என்றான். அன்றைய பாடம் வேறு. ஆயினும் ‘ஷரஹுல் அகாயிதி’ல் அவ்விடம் வரும்போதெல்லாம், அந்த நடுங்கும் கை யாருடையது என்பதை மாணவர்க்குச் சொல்லாமல் நான் கடப்பதில்லை: அது, தன்னைப் பற்றிய உண்மையைத் தானே அறிந்த ஒரு மனிதனுடையது.