பிறர் கைகளால் நிகழும் செயல்

பயனில் உரிமை கொண்டாடாமல், அதே சமயம் முழு ஈடுபாட்டோடு, ஒரு செயலைச் செய்ய மனிதரால் முடியுமா? கீதையின் இரண்டாம் அத்தியாயம் அதைத்தான் கேட்கிறது. ஆசை இல்லையென்றால் அக்கறை எங்கிருந்து வரும், அக்கறை வந்தால் ‘இது என்னுடையது’ என்ற எண்ணமும் கூடவே வராதா என்ற ஐயம் படிப்பவருக்கு உடனே எழுகிறது. இதற்கு விடையாக ஜனகர் போன்ற ஞானிகளைக் காட்டுவது வழக்கம். எனக்கு அது போதவில்லை. ஞானி என்று சொன்னதுமே, அவர் நமக்கு எட்டாதவர் என்று ஒதுக்கிவிடுவதற்கு வழி பிறந்துவிடுகிறது. சாதாரண மனிதர்கள் சம்பளத்துக்குச் செய்யும் ஒரு வேலையில், வாரத்துக்கு எட்டுக் காட்சி என்ற களைப்புக்கு நடுவில், அந்தக் கோரிக்கை நிறைவேறுகிறதா என்று பார்ப்பதே நேர்மையான சோதனை. நாடக அரங்கின் ஸ்டேஜ் மேனேஜர், அதாவது மேடை நிர்வாகி, செய்வது அப்படிப்பட்ட வேலை என்பது என் எண்ணம்.

மெய்யியல் நாடகத்தை அடிக்கடி உவமையாக எடுத்திருக்கிறது. ஸ்டோயிக் மெய்யியலாளர் எபிக்டெட்டஸுக்கு மனிதன், யாரோ எழுதிய நாடகத்தில் தரப்பட்ட வேடத்தை ஏற்கும் நடிகன். சாங்கிய காரிகை என்ற நூலுக்குப் பிரகிருதி, அதாவது இயற்கை, அவையோருக்குத் தன்னை ஆடிக்காட்டிவிட்டு விலகும் நடன மங்கை. 14ஆம் நூற்றாண்டின் அத்வைத ஆசிரியர் வித்யாரண்யர், பஞ்சதசி என்ற தம் நூலின் பத்தாம் பகுதிக்கு நாடக தீபம் என்றே பெயரிட்டார். அரங்கத்து விளக்கு தலைவன், அவையோர், ஆடுபவள் எல்லாரையும் ஒன்றுபோலக் காட்டுகிறது. அவர்கள் எழுந்துபோன பிறகும் எரிகிறது. மேற்கத்திய அரங்குகளில் இரவு எல்லாரும் போன பின் வெற்று மேடையில் ஒரு விளக்கை எரியவிட்டுச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. இருட்டில் யாரும் இடறி விழக்கூடாது என்பதற்காக வைக்கும் விளக்கு அது. ஆனாலும் அந்தக் காட்சி அப்படியே வித்யாரண்யருடையது. இவையெல்லாம் ஆழமான உவமைகள்தான். ஆனால் இவற்றில் ஆடுபவர் விலகி நின்று பார்ப்பதில்லை, பார்க்கும் விளக்கு ஒன்றும் செய்வதில்லை. கீதை கேட்பதோ செயலின் நடுவே நின்றபடி பற்றற்றிருக்கும் ஒருவரை. அவருக்கான இடம் இந்த அரங்குகளில் காலியாகவே இருக்கிறது.

நியூயார்க்கின் மெஜஸ்டிக் அரங்கில் 1988 ஜனவரி முதல் 2023 ஏப்ரல் வரை 13,981 முறை நடந்தது ‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஓபரா’ என்ற இசை நாடகம். அதன் முதல் பாகம் முடியும்போது, பார்வையாளரின் தலைக்கு மேலே தொங்கும் பெரிய சரவிளக்கு மேடையை நோக்கிப் பாய்ந்து இறங்கும். அதை இறக்கியது யார்? இறங்க வேண்டும் என்று தீர்மானித்தவர் இயக்குநர் ஹரால்ட் பிரின்ஸ். விளக்கை வடிவமைத்தவர் மரியா பியோர்ன்சன். தூக்கிப் பிடித்திருப்பது இயந்திரம், அதை இயக்குவது தொழிலாளியின் விரல். மேடை நிர்வாகி செய்வது ஒன்றே ஒன்று. முன்னால் விரித்து வைத்த பிராம்ப்ட் புக்கில், அதாவது குறிப்புகள் எழுதிய நாடகப் பிரதியில், குறித்திருக்கும் இடத்தில், ஹெட்செட்டில் முதலில் ‘ஸ்டாண்ட்பை’ என்கிறார், பிறகு ‘கோ’ என்கிறார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் கைகள் இயங்கிவிடும் என்பதால், வேறு பேச்சுக்கு நடுவே அதை உச்சரிக்காமல் எச்சரிக்கையாக இருப்பது இத்தொழிலின் பழக்கம். கீதையின் 18ஆம் அத்தியாயம் ஒவ்வொரு செயலுக்கும் இடம், செய்பவர், கருவிகள், முயற்சிகள், தெய்வம் என்று ஐந்து காரணங்களைச் சொல்கிறது. ‘நான் ஒருவனே செய்தேன்’ என்று நினைப்பவன் சரியாகப் பார்க்கவில்லை என்கிறது. நூலில் நாம் தத்துவமாகப் படிப்பது மேடை நிர்வாகிக்கு அன்றாட அனுபவம். விளக்கை இறக்கியது நான்தான் என்று அவரால் சொல்லவே முடியாது. ஆனால் அந்தச் சொல் அரை விநாடி பிந்தினால் பிழை முழுவதும் அவருடையது. பெருமையில் பங்கு மிகக் குறைவு, பொறுப்பில் குறைவே இல்லை. முதல் காட்சி முடிந்ததும் இயக்குநர் பெரும்பாலும் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். பிரின்ஸ் 2019இல் காலமான பிறகும் அந்த நாடகம் தொடர்ந்தது. சிரிப்பொலிக்கு மயங்கி ஒரு நடிகர் கொஞ்சம் கொஞ்சமாக மிகைப்படுத்தத் தொடங்கினால் அதைக் கவனித்துத் திருத்துவது மேடை நிர்வாகியின் கடமை. தனக்கு இதைவிட நல்ல யோசனை தோன்றினாலும் அதை நாடகத்தில் நுழைக்க அவருக்கு உரிமை கிடையாது.

சம்பளம் வாங்குபவரிடம் பற்றின்மை ஏது என்று கேட்கலாம். சம்பளம் கைதட்டலைப் பொறுத்து ஏறி இறங்குவதில்லை; அன்றைய காட்சி உருக்கமாக அமைந்தாலும் மந்தமாகப் போனாலும் தொகை ஒன்றுதான். பயனை எதிர்பார்க்காதவர் ஊக்கமிழந்துவிடுவார் என்ற வாதமும் நிற்காது. கீதை சொல்லும் சாத்துவிகமான செயலாளி, ‘நான்’ என்று பேசாதவர். கூடவே உறுதியும் உற்சாகமும் உடையவர். அரங்கில் நடப்பதும் அதுதான். நூற்றுக்கணக்கான க்யூக்களை, அதாவது ‘கோ’ சொல்ல வேண்டிய தருணங்களை, பின்தொடரும் கவனத்தில் தன்னைப் பற்றி நினைக்க இடம் மிஞ்சுவதில்லை. மனத்தைத் துறவுக்குப் பழக்கிய பிறகு வேலைக்கு வர வேண்டும் என்பதில்லை. வேலையின் அமைப்பே அந்தத் துறவைப் பழக்குகிறது.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. பலனை எதிர்பாராதே என்ற உபதேசம், பலன் பெறவே விடப்படாதவர்களிடம்தான் இந்த நாட்டில் அதிகம் சொல்லப்பட்டது. குறையுள்ளதானாலும் தன் தொழிலே மேல் என்ற கீதை வரி, மலம் அள்ளுகிறவரை அங்கேயே நிறுத்திவைக்கப் பயன்பட்டது. இதை மழுப்பக் கூடாது. உரிமை இருப்பவர் மட்டுமே உரிமையைத் துறக்க முடியும். பறிக்கப்பட்டவரின் வெறுங்கைக்குத் துறவு என்று பெயர் வைப்பது கொடுமை. இதற்கும் மேடை நிர்வாகியின் தொழில் ஒரு சான்று தருகிறது. 1913இல் உருவாகி, 1919இல் வேலைநிறுத்தம் செய்து அங்கீகாரம் பெற்ற அமெரிக்க நடிகர் சங்கமான ஆக்டர்ஸ் ஈக்விட்டி மேடை நிர்வாகிகளுக்காகவும் பேசுகிறது. வேலை நேரம், ஓய்வு, மிகை ஊதியம் எல்லாம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டவை. கூலிக்காகப் போராடியவர்கள் கைதட்டலில் பங்கு கேட்காமல் வேலை செய்கிறார்கள். இரண்டும் முரண்படவில்லை. முன்னது உறுதியான இடத்தில்தான் பின்னதற்கு மதிப்பு.

அடுத்தவரின் திட்டத்தை எதுவும் சேர்க்காமல் நிறைவேற்றுபவர், அநீதியான கட்டளையையும் அப்படியே நிறைவேற்றுவாரே என்ற அச்சம் நியாயமானது. ஆனால் ஓர் இரவை நினைத்துப் பார்க்கலாம். 2010 நவம்பர் 28 அன்று நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ‘ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்’ முதல் முன்னோட்டக் காட்சி நடந்தது. அதுவரை பிராட்வே கண்டிராத செலவில் உருவான நாடகம் அது. நடிகர்கள் பார்வையாளரின் தலைக்கு மேல் பறக்கும் காட்சிகளில் கோளாறு ஏற்பட, நிரம்பிய அவையின் முன்னால் ஆட்டம் பலமுறை நிறுத்தப்பட்டது. நிறுத்துகிறோம் என்று ஒலிபெருக்கியில் சொன்ன குரல் மேடை நிர்வாகியுடையது. பணம் போட்டவர்களும் புகழை எதிர்பார்த்தவர்களும் கூனிக் குறுகியிருக்கக்கூடிய அந்த இரவில் நிறுத்த முடிந்ததற்கு, கைதட்டலில் இழக்க எதுவுமில்லாத ஒருவரிடம் அந்த அதிகாரம் இருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். மூன்று வாரங்களில் அதே நாடகத்தில் ஒரு நடிகர் பாதுகாப்புக் கயிறு பூட்டப்படாமல் விழுந்து படுகாயமடைந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நிறுத்தும் அதிகாரம் எல்லா விபத்தையும் தடுத்துவிடாது. ஆனால் கேள்வி கேட்காத கீழ்ப்படிதலுக்கும் பற்றற்ற செயலுக்கும் உள்ள வேறுபாடு அங்கே தெரிகிறது. கீழ்ப்படிபவருக்குக் கட்டளை பெரிது. மேடை நிர்வாகிக்குக் கயிற்றில் தொங்கும் உயிர் பெரிது.

எஞ்சுவது நுட்பமான ஒரு மறுப்பு. மறைந்திருப்பதிலேயே ஒரு கர்வம் உண்டு; ‘நான் இல்லாமல் எதுவும் நடக்காது’ என்ற எண்ணம் இருட்டில் நன்றாகவே வளரும். ஒருவருடைய நெஞ்சுக்குள் அது இல்லை என்று வெளியிலிருந்து எவரும் உறுதி சொல்ல முடியாது. நான் சொல்லக்கூடியது, அந்தக் கர்வம் செயலைக் கைப்பற்றாமல் இந்தத் தொழில் வழிசெய்து வைத்திருக்கிறது என்பது மட்டுமே. தன் குறிப்புகளை வேறொருவர் படித்துக் காட்சியை நடத்தும்படி எழுதிவைப்பது இதில் அடிப்படைப் பாடம்; மேடை நிர்வாகி நோயுற்ற நாளில் உதவியாளர் அதே பிராம்ப்ட் புக்கை விரித்துக்கொண்டு உட்கார்ந்தால் பார்வையாளருக்கு எதுவும் தெரியக் கூடாது. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் அவர் எழுதும் அறிக்கை தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும் போகிறது. எத்தனை நிமிடம் ஓடியது, யார் வசனத்தை விட்டார், எந்தக் கதவு சிக்கிக்கொண்டது என்று அதில் வரிசையாக இருக்கும். தான் பிந்திச் சொன்ன க்யூவையும் அந்த வரிசையிலேயே, மற்றவர் பிழையை எழுதிய அதே அளவுச் சொற்களில் அவர் எழுதியாக வேண்டும்.